பந்தலில் தமிழுக்கும் அரை நிமிடம் கொடுங்கள்

கொழும்பில் வெசாக் வலயம் ஏற்பாடு செய்கிறவர்களுக்கும், வெளிச்சப் பந்தல் கட்டுகிறவர்களுக்கும் வணக்கம்.

நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். எங்கள் வீட்டில் யாரும் பௌத்தர் இல்லை. ஆனாலும் புத்தர் பிறந்த திருநாளான வெசாக் வந்தால் ஒரு இரவாவது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெளிச்சம் பார்க்கப் போய்விடுவோம். 2019 இல் உயிர்த்த ஞாயிறு குண்டுகளுக்குப் பிறகு வந்த வெசாக்குக்குப் போகவில்லை. அடுத்த இரண்டு வருடம் கொரோனா. 2022 இல் பெற்றோல் வரிசையில் நின்ற களைப்பு. அந்த நான்கையும் கழித்தால் நாங்கள் உங்களுடைய நிரந்தர வாடிக்கையாளர்கள் என்றே சொல்லலாம்.

இந்த முறை என் அம்மாவும் வந்தார். அவருக்குச் சொந்த ஊர் நயினாதீவு. முழங்கால் வருத்தம், சனக்கூட்டம் பிடிக்காது, "லைற்றுப் பாக்கவோ இவ்வளவு தூரம்?" என்று வீட்டிலேயே தொடங்கிவிட்டார். பேத்தி கெஞ்சினதால்தான் சேலையை மாற்றினார். லிப்டன் சுற்றுவட்டத்துக்கு இந்தப் பக்கமே ஓட்டோக்காரர் எங்களை இறக்கிவிட்டார், இதற்கு மேல் பொலிஸ் விடாது என்று. அங்கிருந்து விகாரமகாதேவிப் பூங்கா வரைக்கும் நடை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பூங்காவுக்குள் மரத்துக்கு மரம் கூடுகள், அதாவது வெசாக் விளக்குகள். மாநகர சபையின் வெள்ளைக் கட்டடம் முழுக்க வெளிச்சம். எதிரே பெரிய புத்தர் சிலை, அதன் காலடியில் வெள்ளை உடுப்புப் போட்ட பிள்ளைகள் வரிசையாக நின்று பக்திப் பாடல் பாடினார்கள். ஒரு பிள்ளை பாட்டின் நடுவில் கொட்டாவி விட்டு, உடனே வாயை மூடி, அடுத்த அடியைச் சரியாகப் பிடித்துக்கொண்டது. அம்மா அதைப் பார்த்துச் சிரித்தார். அதுதான் அன்றைக்கு அவருடைய முதல் சிரிப்பு.

கூடுகளில் எனக்குப் பிடித்தது, ஒரு கிளையில் தனியாகத் தொங்கிய பழைய மாதிரி அட்டபட்டம், எட்டுப் பட்டைக் கூடு. மூங்கில் ஈர்க்கைக் கட்டி, ரிசுக் கடதாசி ஒட்டி, உள்ளே மெழுகுதிரி ஏற்றியிருந்தார்கள். கிட்டப் போனால் பசை காய்ந்த இடத்தில் கடதாசி சுருங்கியிருப்பது தெரிந்தது. காற்று அடிக்கும்போது வெளிச்சம் ஒருமுறை தாழ்ந்து திரும்ப எழும்பியது. பக்கத்தில் எல்.ஈ.டி. பூட்டிய பிளாஸ்டிக் கூடுகள் நூறு இருந்தும் மகள் அதற்குக் கீழேதான் நின்றாள். (பிளாஸ்டிக் கூடுகளைப் பற்றித் தனியாக ஒரு கடிதம் எழுதலாம். இன்றைக்கு வேண்டாம்.)

அப்புறம் தன்சல், வருகிறவர்களுக்கெல்லாம் இலவசமாகச் சாப்பிடவும் குடிக்கவும் கொடுக்கும் கொட்டில். வீதியோரத்தில் இளைஞர்கள் கொடியை ஆட்டி வாகனங்களை மறித்து, கும்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுக்கிறார்கள். நாங்கள் வாங்கியது பெலி மல் தேநீர். இந்த பெலி மல் என்ன என்று அம்மா கேட்டார். வில்வம் பூ என்றேன். "சிவனுக்குப் போடுற வில்வத்தின்ர பூவோ?" என்று இரண்டு கையாலும் கோப்பையை வாங்கினார். அதற்குப் பிறகு முழங்கால் பற்றிய பேச்சே இல்லை. நின்று குடிக்கமுடியாமல் தடுமாறினவரைக் கண்டு, ஒரு பெடியன் தான் இருந்த பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். அந்தத் தம்பி இதை வாசித்தால் எங்கள் நன்றி.

இனி நான் எழுத வந்த விஷயம்.

பூங்காவை விட்டு வெளியே வந்து கொஞ்சத் தூரம் நடந்தால் ஒரு பெரிய பந்தல். எந்தப் பந்தல், யார் கட்டியது என்பதெல்லாம் இங்கே தேவையில்லை. நான் பார்த்த எல்லாப் பந்தலிலும் இதே கதைதான். நடுவில் புத்தர், சுற்றிவரப் படம் வரைந்த பலகைகள், ஆயிரக்கணக்கில் வண்ண பல்புகள். ஒரு வளையம் ஓடும், ஒரு பூ விரியும், பிறகு முழுக்க அணைந்து ஒரு பலகை மட்டும் எரியும். ஒலிபெருக்கியில் கவி பாடிக் கதை சொல்வார்கள். கதை நகர நகர அடுத்த பலகை எரியும்.

என் கணவருக்கு மின்சார வேலை. பந்தலைக் கண்டால் முன்னால் நிற்கமாட்டார், பின்னால் போய்விடுவார். அங்கே ஒரு மர உருளை, அதில் செப்புத் தகடுகளை வெவ்வேறு நீளத்தில் அடித்திருந்தார்கள். மோட்டார் அதை மெல்லச் சுற்ற, தகட்டில் வந்து தொடும் கம்பிகள் வழியாகத்தான் முன்னால் இருக்கும் பூ விரிகிறது. தகட்டை எங்கே அடிப்பது, எவ்வளவு நீளம் வெட்டுவது என்ற கணக்கை அந்தப் பெடியன்கள் அவருக்கு விளக்கினார்களாம். திரும்பி வந்தவர், "கம்பியூட்டரில இது அஞ்சு நிமிசத்து வேலை, ஆனா இது வேற" என்று ஒரே பாராட்டு.

இந்தப் பக்கம் நாங்கள் மூன்று பேரும் கழுத்தை நிமிர்த்தி நிற்கிறோம். ஒரு முயல் தெரிகிறது. ஒரு குரங்கு. ஒரு கிழப் பிராமணர். பிறகு நெருப்பு.

"அம்மா, முயலுக்கு என்ன நடக்குது?"

எனக்கு அலுவலகச் சிங்களம் தெரியும். மகள் பாடசாலையில் இரண்டாம் மொழியாகப் படிக்கிறாள். ஆனால் கவியில் வருவது பழைய இலக்கியச் சிங்களம். பத்துச் சொல்லில் இரண்டைப் பிடித்தால் பெரிய காரியம். அம்மாவுக்கு அதுவும் இல்லை. மூன்று தலைமுறை, ஒரு முயல், ஒன்றும் விளங்கவில்லை. எங்களைச் சுற்றிக் காதைக் கொடுத்துக் கேட்டேன். பின்னால் ஒரு முஸ்லிம் குடும்பம், அவர்களும் தமிழில்தான் கதைத்தார்கள். அந்தச் சின்னப் பையனும் தகப்பனிடம் அதையே கேட்டுக்கொண்டிருந்தான். "பாரு, லைட்டைப் பாரு" என்றார் தகப்பன்.

எங்களைக் காப்பாற்றியது பக்கத்தில் நின்ற ஒரு சிங்களப் பெரியவர். பாதித் தமிழில், மீதியைக் கையால் சொன்னார். பசியோடு வந்த பிராமணருக்கு மற்ற மிருகங்கள் ஏதேதோ சாப்பாடு கொடுக்கின்றன. முயலிடம் புல்லைத் தவிர ஒன்றும் இல்லை. அதனால் நெருப்பை மூட்டச் சொல்லி, தன்னையே கொடுக்கப் பாய்கிறது. பாயும் முன் மூன்று தரம் உடம்பை உதறுகிறதாம், மயிருக்குள் இருக்கும் சின்னப் பூச்சிகள் தன்னோடு சேர்ந்து எரிந்துவிடக் கூடாது என்று. பெரியவர் தன் தோளைக் குலுக்கி அதைச் செய்து காட்டினார். நெருப்பு முயலைச் சுடவில்லை. பிராமணராக வந்தது தேவர்களுக்குத் தலைவன் சக்கரன், நம் இந்திரன். முயலின் உருவத்தை நிலாவில் வரைந்துவிட்டுப் போனான்.

பெரியவர் மேலே கையைக் காட்டினார். முழுநிலா முகிலுக்குள் போய் வந்துகொண்டிருந்தது. "அட, நிலாவில முயல் இருக்கெண்டு நாங்களும்தானே சொல்லுறது!" என்றார் அம்மா. அந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று அவருக்கு இத்தனை வயதில்தான் தெரிந்தது. மகள் அந்தப் பூச்சிகளை விட்டு நகரவேயில்லை. "பூச்சியைக் கூட நினைச்சுதா?" என்று வீடு வரும்வரை கேட்டாள்.

அந்தப் பெரியவர் பக்கத்தில் நின்றிராவிட்டால் நாங்கள் பல்பு பார்த்துவிட்டு வந்திருப்போம். பின்னால் நின்ற பையன் அப்படித்தான் போனான். வாரக்கணக்கில் செப்புத் தகடு வெட்டி, படம் வரைந்து, கவி எழுதி நீங்கள் கட்டுவது அந்தக் கதையைச் சொல்லத்தானே? வெளிச்சம் சனத்தை நிற்கவைக்க. நின்ற சனத்தில் எங்களுக்கு மட்டும் கதை வந்து சேர்வதில்லை.

1987 இல் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் வந்ததிலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. அதைக் காட்டிச் சண்டை பிடிக்க இதை எழுதவில்லை. பந்தல் கட்டுவது தர்மத்துக்காக, அதற்குள் சட்டப் புத்தகத்தைக் கொண்டுவருவது அழகும் இல்லை. என் மனதில் இருப்பது வேறொன்று. வெசாக் எங்களுக்கு வேற்று நாள் அல்ல. வைகாசி விசாகம் என்று நாங்கள் சொல்வதும் நீங்கள் வெசாக் என்று சொல்வதும் ஒரே பெயர்தான். தமிழில் மணிமேகலை என்று ஒரு பௌத்த காப்பியமே இருக்கிறது. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி என்ற பாத்திரம் அதில் வருகிறது. மணிபல்லவத் தீவில் கோமுகி என்ற பொய்கையில் அது வருடத்துக்கு ஒருமுறைதான் மேலே வரும். எந்த நாளில் தெரியுமா? புத்தர் பிறந்த அதே வைகாசி விசாகத்தில். அதை எடுத்துக்கொண்டு போய்த்தான் மணிமேகலை ஊரின் பசியைத் தீர்க்கிறாள். வெசாக் நாளில் கிடைத்த பாத்திரம், பசித்தவருக்கெல்லாம் சோறு: தன்சல் வேறு என்ன? அந்த மணிபல்லவம் நயினாதீவுதான் என்று சொல்கிறவர்கள் பலர் உண்டு. எங்கள் அம்மாவைக் கேட்டால் அதில் சந்தேகமே கிடையாது. அங்குள்ள அம்மன் கோயிலில் அன்னதானம் கொடுக்கும் மண்டபத்துக்கே அமுதசுரபி என்றுதான் பெயர்.

சரி, என்ன செய்யலாம்? பெரிதாக ஒன்றும் வேண்டாம். கவி ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்கும் முன் வெறும் இசை போடுகிறீர்கள். அந்த இடைவெளியில் அரை நிமிடம் சாதாரணத் தமிழில் கதைச் சுருக்கம். அதுவும் கஷ்டம் என்றால் பந்தலின் காலடியில், பிள்ளைகளின் கண் மட்டத்தில், ஐந்தாறு வரி எழுதிய ஒரு பலகை. விளம்பரதாரர் பெயருக்கு எவ்வளவு பெரிய பதாகை வைக்கிறீர்கள், அதில் கால்வாசி போதும்.

தயவுசெய்து கைபேசியில் மொழிபெயர்த்து அப்படியே அச்சடிக்காதீர்கள். 'தாய்' என்று வரவேண்டிய இடத்தில் 'நாய்' என்று எழுதிய பலகையெல்லாம் இந்த நாட்டில் பார்த்திருக்கிறோம். சிரிக்கிறோம்தான், ஆனால் முயல் கதைக்குக் கீழே அப்படி ஒன்று வந்தால் சிரிப்பு வராது. தமிழ் ஆசிரியர் ஒருவரிடம் ஒருமுறை காட்டினால் போதும்.

எழுதித் தர ஆள் இல்லை என்றால் நான் எழுதித் தருகிறேன், காசு வேண்டாம். கதையை மட்டும் சித்திரை வருடப் பிறப்பு முடிந்ததும் சொல்லிவிடுங்கள். ஒலிப்பதிவுக்குக் குரல் தேவையென்றால் அம்மா தயார். மற்றக் கதைகள் எப்படியோ, முயல் கதையை இந்தச் சில நாளில் வந்தவர் போனவர் எல்லோருக்கும் சொல்லி, தோளைக் குலுக்கும் இடம் வரை நன்றாகப் பழகிவிட்டார்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய்