கைவண்ணம் சரி, எந்தக் காலத்துக் கை?

பழைய தாவர அச்சுப்படங்களை விற்போருக்கும் ஏலம் விடுவோருக்கும்,

வணக்கம். உங்கள் பட்டியல்களில் மலபார்த் தாவரங்களைப் பற்றிய 'ஹார்த்தூஸ் மலபாரிக்கூஸ்' நூலின் தாள்கள் மறுபடியும் பளிச்சென்ற சிவப்பிலும் பச்சையிலும் வந்திருக்கின்றன. கீழே 'பழமையான கைவண்ணச் செதுக்குப்படம்' (தகட்டில் செதுக்கி அச்சிட்டு, கையால் வண்ணம் பூசியது) என்று ஒரே வரி. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்த அந்த நூல் வண்ணமில்லாமல்தான் வெளியானது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. வாங்கியவர்கள் சிலர் அந்தக் காலத்திலேயே தங்கள் பிரதிக்கு வண்ணம் பூசவைத்தார்கள், உண்மைதான். நீங்கள் விற்பது அதுவா, போன மாதம் பூசியதா? அதை எழுதுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

புதுவண்ணம் பூசுவதே குற்றம் என்று சொல்லவில்லை. அதற்கு முன் தாளுக்கு நடப்பதுதான் கொடுமை. கந்தல் துணியில் செய்த அந்தத் தாள்களுக்கு, ஈரம் உள்ளே இறங்காதபடி விலங்குப் பசை ஏற்றியிருப்பார்கள். பழுப்புப் புள்ளிகளைப் போக்கக் குளோரின் வெளுப்பானில் ஊறவைத்துக் கழுவும்போது பசையும் சேர்ந்து போய்விடுகிறது. பசை போன தாள் ஒற்றுத்தாள் மாதிரி. அதில் நீர்வண்ணம் வைத்தால் இதழின் ஓரம் தாண்டிக் கசியும், திருப்பிப் பார்த்தால் பின்பக்கமும் சிவந்திருக்கும். பசை கெடாத தாளில் அக்காலத்தார் பிசின் கலந்து தீட்டிய மெல்லிய பூச்சு மேலேயே நிற்கும். செதுக்குக் கோடு அடியில் தெளிவாகத் தெரியும். இழைக்குள் இறங்கிய சாயத்தை எந்தப் பழுதுபார்ப்பவராலும் முழுதாக எடுக்க முடியாது. நனைத்தால் பரவும், விட்டால் நிற்கும். வெளுப்பானைச் சரியாக அலசி எடுக்காவிட்டால் சில ஆண்டுகளில் தாள் மஞ்சளாகி, மூலையை மடித்தாலே ஒடியும். வாங்கியவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு எங்களிடம் வந்து நிற்கிறார், உங்களிடம் வருவதில்லை.

பழைய வண்ணத்தின் மூப்பு வேறு மாதிரி. பிரஷ்ய நீலமும், மரப்பிசினிலிருந்து எடுக்கும் கம்போஜ் மஞ்சளும் கலந்த பச்சையில், வெயில் பட்டால் மஞ்சள் முதலில் போகும், இலை நீலமாகிவிடும். செம்புக் களிம்புப் பச்சை தாளையே அரிக்கும். இலையின் வடிவம் பின்பக்கத்தில் பழுப்பாகப் பதிந்திருக்கும். ஈயவெள்ளை பூசிய மல்லிகை கறுக்கும். இவை எதுவுமில்லாமல், பழுப்புப் புள்ளியின் மேலேயே வண்ணம் ஏறியிருந்தால் சந்தேகப்படத்தானே வேண்டும்? தாவரவியலாளர் வில்லியம் ராக்ஸ்பரோவின் சோழமண்டலக் கரைத் தாவர நூல் 1795இல் வெளிவரத் தொடங்கியது. துத்தநாக வெள்ளை நீர்வண்ணமாகக் கடைக்கு வந்தது 1834இல். அந்த நூலின் ஆரம்பத் தாளொன்றில் புற ஊதா விளக்கின் கீழ் வெள்ளைப் பூ, துத்தநாக வெள்ளையைப் போல மஞ்சள்பச்சையாக ஒளிர்ந்தால், அந்த வெள்ளை எப்போது ஏறியது என்று யோசியுங்கள். இரண்டு நிமிட வேலை. பொன்முத்திரை ஒட்டிய சான்றிதழ் அச்சடிக்க இதைவிட அதிக நேரம் ஆகுமே!

அந்தச் சான்றிதழிலும் 'கைவண்ணம்' என்றுதான் இருக்கிறது. ஆங்கிலேயத் தாவரவியலாளர் வில்லியம் கர்ட்டிஸ் 1787இல் தொடங்கிய தாவர இதழுக்கு 1948 வரை கையால்தான் வண்ணம் தீட்டினார்கள். ஆக, அந்தச் சொல் எந்தக் காலத்தையும் சொல்வதில்லை. அதே இதழின் பிற்காலக் கல்லச்சுப் படங்களையும் நீங்கள் செப்புத்தகட்டுப் படம் என்றே விற்கிறீர்கள். செப்புத்தகட்டுப் படத்தைச் சுற்றி இருக்க வேண்டிய, தகடு அழுந்திய பள்ளம் எங்கே என்று கேட்டால் 'ஓரம் வெட்டியிருக்கிறது' என்று ஒரு பதில் தயாராக இருக்கிறது. நல்ல கட்டுமானத்தோடு இருக்கும் நூலைப் பிரித்து, படங்களைச் சட்டமிட்டு, விளக்க உரையைக் குப்பையில் போடுவதைப் பற்றி எழுத இந்த மடல் போதாது.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டோம், பொறுத்தருள்க. கேட்பது சிறியது. ஒவ்வொரு தாளுக்கும் 'அக்கால வண்ணம்', 'பிற்கால வண்ணம்', 'உறுதியில்லை' என்ற மூன்றில் ஒன்றைக் குறிப்பிடுங்கள். கழுவியதா, வெளுத்ததா என்று சொல்லுங்கள். பின்பக்கத்தின் படத்தையும் தயவுசெய்து சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
பழைய தாவரப் படங்களைச் சேகரிப்போரும் பழுதுபார்ப்போரும்