வண்டி கூடியும் கூட்டம் குறையவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் சென்னை புழலில் குடியிருக்கிறேன். தங்கசாலைத் தெருவில் ஒரு மொத்த விலைப் பாத்திரக் கடையில் பதினாறு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். மாலை ஆறரைக்குக் கடையை விட்டால் நேரே வள்ளலார் நகர் பேருந்து நிலையம். எங்கள் வாயில் அது மின்ட். அங்கிருந்து செங்குன்றம் வண்டி.

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எங்கள் கடையில் ஷேர் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்த மூன்று பேர் அதன் பிறகு பஸ்ஸுக்கு மாறினார்கள். அந்த மிச்சம் எங்களுக்குப் பெரிய தொகை. 2025 ஜூன் மாதம் வியாசர்பாடி பணிமனைக்கு 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகளும் வந்தன. மனதார வரவேற்கிறேன். ஆனால் சாயங்காலம் மின்ட்டில் நிற்கும் கூட்டம் அப்படியேதான் இருக்கிறது.

அரை மணி நேரம் ஒரு வண்டியும் வராது. பிறகு ஒரே தடத்தில் மூன்று வண்டிகள் வரிசையாக வரும். முதல் வண்டி கொஞ்சம் தாமதமானால் போதும், வழியில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆள் சேர்ந்துவிடும். ஏற்றி இறக்கி வருவதற்குள் இன்னும் தாமதமாகும். பின்னால் வருவதற்கு ஏற்ற ஆளே இருக்காது, ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். கடைசியில் முதல் வண்டியில் படியில் தொங்குவார்கள், மூன்றாவதில் சீட் காலியாகக் கிடக்கும்.

போன வியாழக்கிழமை அம்மாவுக்கு ஸ்டான்லி மருத்துவமனையில் சர்க்கரை மாத்திரை வாங்கிக்கொண்டு மின்ட்டுக்கு வந்தோம். நிலையத்துக்குள் இடமில்லாமல் வண்டி சாலையிலேயே நின்றது. எல்லோரும் ஓடினார்கள். அம்மாவுக்கு முட்டி வலி. ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு மறு கையில் மஞ்சள் பையோடு நடந்தார். யாரோ இடித்ததில் பை விழுந்து மாத்திரை அட்டைகள் சிதறின. குனிந்து பொறுக்கி நிமிர்ந்தபோது வண்டி போய்விட்டது. தாழ்தளப் பேருந்து அம்மாவைப் போன்றவர்களுக்காக வந்ததுதான். அதுவும் நடைமேடையை ஒட்டி நின்றால்தானே ஏற முடியும்?

மாலை ஐந்தரை முதல் எட்டு வரை வண்டிகளைப் பிரித்து அனுப்ப ஒருவர் பொறுப்பாக நிற்கட்டும். மூன்றும் சேர்ந்து வந்தால் இரண்டாவதைப் பத்து நிமிடம் பிடித்து வைக்கலாம். எந்தத் தடம் எங்கே நிற்கும் என்று தரையில் எண் எழுதினால் இந்த ஓட்டம் பாதி குறையும். நான் ஏறும் வண்டியில் பெரும்பாலோர் மூலக்கடைக்குள் இறங்கிவிடுகிறார்கள். சாயங்காலம் மூலக்கடை வரை மட்டும் போய்த் திரும்பும் கட் சர்வீஸ் விட்டால், அதைத் தாண்டிப் போகும் எங்களுக்கு வண்டியில் நிற்கவாவது இடம் கிடைக்கும். அடுத்த மாதம் அம்மாவை மறுபடி ஸ்டான்லிக்கு அழைத்து வர வேண்டும். அதற்குள் அந்த எண்களையாவது எழுதிவிடும்படி சம்பந்தப்பட்டவர்களை உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
புழல்