எண்ணெய் பாட்டிலுக்கு ஒரு லோகோ

சிவகாசி

அன்புள்ள மாப்ளே,

நீ அனுப்பிய கடலை எண்ணெய் வந்து சேர்ந்தது. அம்மா மூடியைத் திறந்து மோந்து பார்த்ததுமே, "இது செக்குல ஆட்டினதுதான்" என்று சொல்லிவிட்டாள். மகள் மதுரையில் கல்லூரி சேர்ந்துவிட்டாள். ஆடிப்பெருக்கு நெருங்குகிறது, காலண்டர் ஆல்பம் (அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகளின் தொகுப்பு) வெளிவர வேண்டும். பிரஸ்ஸில் ராத்திரி பகல் வேலை, அதனால்தான் பதில் தாமதம்.

போனிலேயே கேன்வா ஆப்பில் நீ செய்த லோகோவைப் பார்த்தேன். எண்ணெய்த் துளி, அதற்குள் ஓர் இலை, கீழே பொன்னிற ஷேடில் பெயர். பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதே துளியும் இலையும் வேறு செக்கு எண்ணெய்க்காரர்களிடமிருந்தும் எங்கள் மேசைக்கு வந்திருக்கின்றன. எல்லோரும் ஆப்பில் தயாராகக் கிடக்கும் ஒரே மாதிரிப் படத்தை, அதாவது ஒரே டெம்ப்ளேட்டை எடுத்திருக்கிறீர்கள். கேன்வா டெம்ப்ளேட்டை வைத்துச் செய்த லோகோவை டிரேட்மார்க்காகப் பதிய முடியாது என்று கேன்வாக்காரர்களே தங்கள் விதியில் சொல்லியிருக்கிறார்கள், ஏனென்றால் அந்தப் படத்தின் உரிமை உனக்கு மட்டும் தரப்பட்டதல்ல. 4,500 ரூபாய் கட்டி, சமையல் எண்ணெய் வரும் 29ஆம் வகுப்பில் விண்ணப்பிக்கப் போவதாகச் சொன்னாயே, தயவுசெய்து இந்தத் துளியை வைத்துச் செய்யாதே.

அச்சுக்கு வந்தால் இன்னொரு சிக்கல். 15 கிலோ டின்னில் ஒற்றைக் கலரில் ஸ்கிரீன் பிரிண்ட் அடித்தால் ஷேடு நிற்காது. விசிட்டிங் கார்டில் இலை நரம்பெல்லாம் மை அடைத்துக்கொள்ளும். பிளெக்ஸுக்குப் பெரிதாக்கினால், நீ அனுப்பிய பிஎன்ஜி படத்தின் ஓரமெல்லாம் பிசிறடிக்கும்.

சொந்தமாகச் செய்வதே தப்பு என்று நான் சொல்லவில்லை. கோகோ கோலா என்று வளைத்து எழுதியது பிராங்க் ராபின்சன், அந்தக் கம்பெனியில் கணக்கு பார்த்தவர். 1880களில் அமெரிக்காவில் கணக்குப் புத்தகங்களில் புழங்கிய கையெழுத்து பாணி அது. கவனி, அவர் எங்கிருந்தும் படம் எடுக்கவில்லை, பெயரை மட்டும் அழகாக எழுதினார். கையில் காசு இல்லாவிட்டால் நீயும் அப்படியே செய். ஒரே நிறம், தெளிவான ஒரு எழுத்துரு, உன் பெயர், அவ்வளவு போதும். காசு இருந்தால் நல்ல டிசைனரிடம் போ. இரண்டுக்கும் நடுவே ஆப்பில் சின்னம் பொறுக்குவதுதான் என் கணக்கில் மோசமான வழி.

டிசைனர் என்றதும் லட்சக்கணக்கில் கேட்பார்கள் என்று பயப்படாதே. நைக்கி ஷூ கம்பெனியின் அந்த வளைகோட்டை 1971இல் வரைந்தவர் கரோலின் டேவிட்சன், அமெரிக்காவின் போர்ட்லண்டில் படித்துக்கொண்டிருந்த மாணவி. வாங்கியது 35 டாலர். 1983இல் கம்பெனி கூப்பிட்டுப் பங்குகளும் கொடுத்தது. நம் பக்கத்திலும் படித்து முடித்த கையோடு நன்றாக வரைகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் செய்த தமிழ் எழுத்துகளைக் காட்டச் சொல். ஆங்கிலத்தில் அசத்துகிற சிலரிடம் தமிழ் கொடுத்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் சிதறிக் கிடக்கும்.

உங்கள் அப்பா கடையின் பழைய தகரப் பலகை இன்னும் இருக்கிறதா? பெயிண்டர் கையால் எழுதிய அந்த 'ணெ'யின் கொம்பு எவ்வளவு அழகு! அதை ஒழுங்காக வரைந்து எடுத்தாலே போதும், வேறு சின்னம் வேண்டாம் என்பது என் எண்ணம். அந்த எழுத்து எந்த டெம்ப்ளேட்டிலும் கிடைக்காது.

முக்கியமான விஷயம், பணம் கொடுத்துவிட்டதாலேயே உரிமை உன்னிடம் வந்துவிட்டது என்று நினைக்காதே. பதிப்புரிமையை (காப்பிரைட்) உனக்கு மாற்றித் தருவதாக டிசைனர் கையெழுத்திட்ட தாள் வேண்டும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி அதில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுதான் செல்லும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். சிங்கப்பூருக்கு அனுப்பும் யோசனை உனக்கு இருக்கிறதே, அதனால் இரண்டையும் எழுதி வாங்கு. அப்புறம், படத்தோடு மூலக் கோப்பையும் கேள். கோரல் டிராவோ எஸ்விஜியோ, எழுத்துகளை கர்வ்ஸ், அதாவது வெறும் கோட்டு வடிவமாக ஆக்கித் தரச் சொல். இல்லாவிட்டால் எங்கள் கணினியில் திறக்கும்போது எழுத்துரு மாறிவிடும்.

பலகையை நேராக நின்று, வெயில் படாத நேரத்தில் போட்டோ எடுத்து அனுப்பு. கூடவே அரை லிட்டர், ஒரு லிட்டர் லேபிள் அளவும் வேண்டும். காலண்டர் வேலை ஓய்ந்ததும் ஒற்றைக் கலரில் மாதிரி அடித்து அனுப்புகிறேன். அதுவரை லேபிளுக்கு ஆர்டர் கொடுக்காதே.

தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மாப்ளே