புதன்கிழமைக்குள் நான்கு அழைப்புகள்

கேட்டி, டெக்சஸ்
2024 டிசம்பர் 1, ஞாயிறு இரவு

அன்புள்ள கதிருக்கு,

இன்று மத்தியானம் நீ பேசியது இரண்டு நிமிடம்கூட இருக்காது. உங்கள் கல்லூரி அமெரிக்கக் கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளரை நீக்கிவிட்டார்கள், உதவிப் பயிற்சியாளர்கள் அத்தனை பேருடைய அடையாள அட்டையையும் வாங்கிக்கொண்டார்கள், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாய். அதன்பிறகு அப்பா மூன்று முறை கூப்பிட்டும் நீ எடுக்கவில்லை. பரவாயில்லை, தூங்கு. எழுந்தவுடன் இதைப் படித்துவிடு. தபாலில் போட்டால் புதன்கிழமைக்குள் வந்து சேராது என்பதால்தான் மின்னஞ்சலில் எழுதுகிறேன்.

உன் வேலையைப் பற்றி எனக்குப் பயம் இல்லை. முன்பு இருந்தது. தலைமைப் பயிற்சியாளர் போனால் அவர் கூட்டி வந்தவர்களும் மூட்டை கட்ட வேண்டும் என்பதை நீ முதலில் சொன்னபோது, இது என்ன பிழைப்பு என்று இரவெல்லாம் புலம்பினேன். அப்போது நீ டாபோ ஸ்வினியின் கதையைச் சொன்னாய். 2000-இல் அலபாமா பல்கலைக்கழக அணியின் பயிற்சியாளர் குழு முழுவதையும் அனுப்பியபோது அவருக்கும் வேலை போனது. இரண்டு ஆண்டுகள் ரியல் எஸ்டேட் நிறுவனத்தில் வேலை பார்த்தார். 2003-இல் கிளெம்சன் பல்கலைக்கழகத்துக்கு அவரை அழைத்தவர் டாமி பௌடன், அலபாமாவில் மாணவனாக ஆடியபோது அவருக்குப் பயிற்சி கொடுத்தவர். 2008-இல் அங்கேயே தலைமைப் பயிற்சியாளர் ஆனார். 2016, 2018 இரண்டு சீசன்களிலும் தேசியப் பட்டம் வென்றார். நீ அந்தப் பட்டங்களைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாய். என் மனதில் நின்றது பழைய பயிற்சியாளர் தன் பையனை மறக்காமல் அழைத்ததுதான்.

நான் எழுத வந்ததும் அதைப் போன்ற ஒன்றைப் பற்றித்தான். புதன்கிழமை கையெழுத்து நாள், பள்ளிப் பையன்கள் எந்தக் கல்லூரிக்கு ஆடப்போகிறோம் என்று எழுதிக் கொடுக்கும் நாள். நீ பள்ளி பள்ளியாகப் போய்த் தேடிப் பிடித்த நான்கு பையன்கள், உன் சொல்லை நம்பி அன்று காலை கையெழுத்துப் போடப் போகிறார்கள். நீ அங்கே இருக்கமாட்டாய் என்பதை அவர்களிடம் யார் சொல்லப்போகிறார்கள்?

2010 ஜனவரியில் நம் வீட்டுக்கு ஒருவர் வந்தார், நினைவிருக்கிறதா? நீ மறந்திருக்கமாட்டாய். ஏதோ ஒரு கல்லூரியின் உதவிப் பயிற்சியாளர், உன்னைப் போல லைன் பயிற்சியாளர்தான், முன்வரிசைப் பையன்களுக்குக் கற்றுக்கொடுப்பவர். நம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நான்கு தோசை சாப்பிட்டார். தேங்காய்ச் சட்னியை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டார். அதுவரை இந்த விளையாட்டே வேண்டாம் என்றிருந்த அப்பாவிடம், உங்கள் பையனை என் பையனைப் போலப் பார்த்துக்கொள்வேன் என்று கையைப் பிடித்துச் சொன்னார். அப்பா அன்றிரவு சம்மதித்தார். அப்போதெல்லாம் பிப்ரவரி முதல் புதன்கிழமைதான் கையெழுத்து. அதற்கு ஒரு வாரம் இருக்கும்போது அவர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டதைச் செய்தித்தாளில் பார்த்தோம். அந்த இடத்துக்கு வந்த புதியவரிடம் தன்னுடைய பட்டியல் ஒன்று இருந்தது, அதில் உன் பெயர் இல்லை.

நீ தலையணைக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு படுத்தாய். ஒரு நாள் ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தபோது உன் அறைக் கதவு சற்றே திறந்திருந்தது. நீ அவரைக் கூப்பிட்டாய். பதிவுசெய்த குரல்தான் பதில் சொன்னது. பேசாமல் வைத்துவிட்டாய். சிறிது நேரம் கழித்து மறுபடியும் கூப்பிட்டாய். நான் உள்ளே வராமல் இருட்டில் நின்றேன். உதவித்தொகை இல்லாமல், சொந்தச் செலவில் படித்துக்கொண்டே அணியில் இடம் பிடித்தாய். அதில் எனக்கு வருத்தம் இல்லை. அவர் வேலை மாறியதிலும் இல்லை. அவருக்கும் பிள்ளைகள் இருந்திருக்கும். ஒரே ஒரு தொலைபேசி அழைப்பு. அதை மட்டும் பதினான்கு வருடமாக என்னால் மன்னிக்க முடியவில்லை.

தொலைக்காட்சியில் வருவது தலைமைப் பயிற்சியாளரின் முகம். பையன்களின் பெற்றோருக்குத் தெரிந்தது உதவிப் பயிற்சியாளரின் முகம்தான். இந்த ஆண்டு விதி மாறி, மைதானத்தில் யார் வேண்டுமானாலும் கற்றுக்கொடுக்கலாம் என்று ஆகிவிட்டதாக நீ சொன்னாய். ஆனாலும் வெளியே போய்ப் பையன்களைச் சேர்த்துவரும் பொறுப்பு தலைமைப் பயிற்சியாளரையும் பத்து உதவிப் பயிற்சியாளர்களையும் தாண்டவில்லை. அந்தப் பத்தில் ஒருவனாக நீ இருந்தாய்.

நீ எப்படிப்பட்ட ஆசிரியன் என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒஹாயோவில் மேல்படிப்பு படித்துக்கொண்டே உதவியாளனாக இருந்த காலம். விளையாடுகிறவர்களுக்கு வாரத்துக்கு 20 மணி நேரம்தான் பயிற்சி என்று விதி. உங்களுக்கு அப்படி எந்த விதியும் இல்லை. உன் விரல்களெல்லாம் மார்க்கர் மை. அடுத்த சனிக்கிழமை மோதப்போகும் அணியின் ஆட்டங்களை அட்டை அட்டையாக வரைந்து வைத்திருந்தாய். ஆட வாய்ப்பே கிடைக்காத பையன்கள் உன்னைச் சுற்றி நிற்க, நீ அட்டையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாய். அவர்கள் பார்த்துவிட்டு ஓடிப்போய் எதிரணி மாதிரியே நின்றார்கள். ஒரு பையன் தப்பான பக்கம் நின்றுவிட்டான். நீ கத்தவில்லை. பக்கத்தில் போய் அவன் வலது காலை உன் கையாலேயே பிடித்து அரை அடி பின்னுக்கு நகர்த்தி வைத்தாய். பிறகு அவனுக்கு மட்டும் இன்னொரு முறை அட்டையைக் காட்டினாய். பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கைக் காக்கும் அந்த லைன் பையன்கள் ஐந்து பேரின் எண்கள் ஒலிபெருக்கியில் வருவது தப்பு செய்து நடுவரின் கொடி விழும்போதுதான் என்பாய். அவர்களுக்கென்று ஒருவர் வேண்டும் என்று எனக்கு அன்று புரிந்தது.

அந்தப் பயணத்தில்தான் என்னை மேற்கு வர்ஜீனியாவின் ஹன்டிங்டனுக்கு அழைத்துப் போனாய். மார்ஷல் பல்கலைக்கழகத்தின் நினைவு நீரூற்று. 1970 நவம்பர் 14 அன்று அவர்களுடைய கால்பந்து அணி வந்த விமானம் விழுந்து 75 பேரும் போனார்கள். ஆண்டுதோறும் அதே நாளில் நீரூற்றை நிறுத்திவிடுகிறார்கள். உதவிப் பயிற்சியாளர் ரெட் டாசன் புதிய பையன் ஒருவனைப் பார்ப்பதற்காகக் காரில் போனதால் தப்பினார் என்று நீ சொன்னாய். போனவர்களில் சிலரை அணியில் சேர்த்தவரே அவர்தான். அவர் மறு ஆண்டு முழுவதும் இருந்து அணியை மறுபடி கட்ட உதவிவிட்டு, பிறகு பயிற்சியாளர் தொழிலையே விட்டார். அந்தப் பெற்றோரை அவர் எந்த முகத்தோடு பார்த்திருப்பார் என்று நீ அங்கே கேட்டாய். நான் பதில் சொல்லவில்லை. உன் நிலைமையை அதோடு ஒப்பிடவில்லை, கண்ணே. நீ அந்தக் கேள்வியைக் கேட்டவன் என்பதை மட்டும் நினைவுபடுத்துகிறேன்.

ஆகவே நாளை நான்கு வீடுகளுக்கும் நீயே பேசு. குறுஞ்செய்தி வேண்டாம். பையனிடம் பேசிய பிறகு அம்மாவிடமோ, பாட்டியிடமோ, வளர்க்கிறவர் யாரோ அவரிடம் போனைக் கொடுக்கச் சொல். எனக்கு வேலை போய்விட்டது, நான் அங்கே இருக்கமாட்டேன், லைனுக்கு யார் வருகிறார்கள் என்று தெரியும்வரை கையெழுத்துப் போட அவசரப்படாதீர்கள் என்று சொல். உனக்கு அடுத்த வேலை எங்கே கிடைத்தாலும் சரி, இந்த அழைப்பை அதற்கு ஆள் பிடிக்கப் பயன்படுத்தாதே. அழுதால் கேட்டுக்கொண்டிரு. கோபப்பட்டாலும் கேட்டுக்கொண்டிரு. உன் வயதில் தான் இதைச் செய்திருக்கமாட்டேன் என்கிறார் அப்பா; நீ செய்வாய் என்றும் அவரே சொல்கிறார்.

லூசியானாப் பையனின் அம்மாவை முதலில் கூப்பிடு. ஜூன் மாதம் கல்லூரியைப் பார்க்க வந்தபோது பீக்கன் மிட்டாய் போட்டு ஒரு தகர டப்பாவை உன்னிடம் கொடுத்தாரே, அது இன்னும் என் சமையலறையில்தான் இருக்கிறது. மூடியின் உள்பக்கம் டேப்பில் தன் பெயரை எழுதி ஒட்டியிருக்கிறார். திரும்பி வரும் என்ற நம்பிக்கையில்தானே எழுதியிருப்பார். வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரும் வழக்கம் நமக்கு இல்லை. சாயங்காலம் முறுக்குக்கு மாவு பிசைந்தேன், இப்போதுதான் சுட்டு முடித்தேன், ஆறட்டும் என்று தாளில் பரப்பியிருக்கிறேன். நீ பேசி முடித்ததும் சொல். பிறகுதான் டப்பாவை நிரப்பி அனுப்புவேன்.

அன்புடன்,
அம்மா