தண்ணீர் ஊற்றியவள் நான்தான்

அன்புள்ள கண்ணம்மா,

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். போன குளிர்காலத்தில் உன்னோடு வந்து மூன்று மாதம் இருந்தேனே, அப்போது செத்துப்போன உன் பீஸ் லில்லி ஹீட்டர் சூட்டில் சாகவில்லை. நான்தான் கொன்றேன். நீ ஆசையாக வாங்கி வைத்த செடி, அதனால் சொல்ல வாய் வரவில்லை. "ஹீட்டர் பக்கத்தில் வைத்தால் வாடாமல் என்ன செய்யும்?" என்று பழியை உன் மேலேயே போட்டுவிட்டுக் கமுக்கமாக இருந்துவிட்டேன். குளிர்கால இருட்டில் செடி வைத்து வீட்டை வெளிச்சமாக்குவது எப்படி என்று கேட்டு நேற்று நீ அனுப்பிய படத்தைப் பார்த்ததும் மனசு உறுத்துகிறது. மணி பிளான்ட்டில் கீழ் இலைகள் மஞ்சளாகி நிற்கின்றன. தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டில் தண்ணீர் பளபளக்கிறது. அம்மா போன வழியிலேயே நீயும் போகிறாய்.

நடந்தது இதுதான். நீ காலையில் வேலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவாய். பகலெல்லாம் எனக்குத் துணை அந்தச் செடி ஒன்றுதான். தினமும் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினேன். மூன்றாவது வாரம் இலைகள் தொங்கின. தாகம் போலிருக்கிறது என்று இரண்டு டம்ளராக்கினேன். இன்னும் தொங்கிற்று. ஒருநாள் தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால், வெளுப்பாக இருக்க வேண்டிய வேர் பழுப்பாகிக் கூழாகக் கிடந்தது. விரலால் பிடித்து இழுத்தேன், மேல்தோல் உருவிக்கொண்டு வந்து உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் மிஞ்சியது. சாக்கடை நாற்றம் வேறு. பீஸ் லில்லி தண்ணீர் இல்லாவிட்டாலும் தொங்கும், தண்ணீர் மிஞ்சி வேர் அழுகினாலும் அதே மாதிரிதான் தொங்கும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. தண்ணீரில் நின்றுகொண்டே தாகத்தில் செத்திருக்கிறது பாவம். மண்ணில் விரலை விட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். 28 வருஷம் பிள்ளைகளுக்குப் பூகோளம் சொல்லிக்கொடுத்தவளுக்கு அது தோன்றவில்லை.

திரும்பி வந்த பிறகு வெட்கத்தில் இதைப் பற்றி நிறையப் படித்தேன், வீட்டிலும் செய்து பார்த்தேன். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: குளிர்காலத்தில் செடிக்குப் பற்றாமல் போவது வெளிச்சம், நாம் ஊற்றுவதோ தண்ணீர்.

பூகோள டீச்சர் புத்தி போகாது, கொஞ்சம் பொறுத்துக்கொள். 50 டிகிரி வடக்கு அட்சரேகையில் ஓர் ஊரை எடுத்துக்கொள். ஜூன் 21 அன்று நண்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து 63 டிகிரிக்கு மேல் நிற்கும். டிசம்பர் 21 அன்று அதே நேரத்தில் 16, 17 டிகிரிதான். பகலும் 16 மணி நேரத்திலிருந்து 8 மணி நேரமாகிவிடும். அந்த எட்டு மணி நேரத்திலும் பாதி நாள் மேகம். நம் கண் இதைக் காட்டிக்கொடுக்காது. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள்; வெளியே முழு வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் இருக்கும், அறையின் நடுவில் சில நூறு இருந்தாலே அதிகம். கண்மணி தானாக விரிந்து, எல்லாம் வெளிச்சமாகத்தான் இருக்கிறது என்று நம்மை ஏமாற்றும். செடி ஏமாறாது. வெளிச்சம் குறைந்தால் அது உணவு தயாரிப்பதைக் குறைக்கும், வளர்ச்சியைக் குறைக்கும், தண்ணீர் குடிப்பதையும் குறைத்துவிடும். கோடையில் நாலு நாளில் காய்ந்த மண் இப்போது காய இரண்டு வாரம்கூட ஆகும்.

ஒரு சின்னச் சோதனை சொல்கிறேன். நண்பகலில் செடி இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, ஒரு அடி உயரத்தில் கையை நீட்டு. விரல் விரலாக நிழல் விழுந்தால் நல்ல வெளிச்சம். கை என்று மட்டும் தெரிந்தால் சமாளிக்கலாம். நிழலே விழாவிட்டால் அங்கே பிளாஸ்டிக் பூதான் பிழைக்கும். உன் படத்தில் மணி பிளான்ட் புத்தக அலமாரி மேல் இருக்கிறது. அழகாகத்தான் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஜன்னலிலிருந்து நாலு அடி தள்ளினாலே வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடும். தெற்கு ஜன்னல் இருந்தால் அதுதான் குளிர்காலத்தில் செடிகளுக்கு ராஜ சிம்மாசனம். சூரியன் தாழ்வாக வருவதால் வெயில் அறைக்குள் வெகுதூரம் நுழையும். கண்ணாடியைத் துடைத்து வை. இலைகளையும் ஈரத்துணியால், அடியில் கையைத் தாங்கிக்கொண்டு, ஒவ்வொன்றாகத் துடை. தூசியும் ஒரு திரைச்சீலைதான்.

ஜன்னலோரம் என்றதும் கண்ணாடியில் ஒட்டி வைத்துவிடாதே. இலை கண்ணாடியைத் தொட்டால் அந்த இடம் குளிரில் கருகிவிடும். இரவில் திரையை இழுக்கும்போது செடி திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் இன்னும் மோசம், அறைச் சூடு அதற்குப் போய்ச் சேராது. நாம் வீட்டில் வளர்க்கும் செடிகளில் பெரும்பாலானவை வெப்பமண்டலக் காட்டுக்குச் சொந்தமானவை, 10 டிகிரிக்குக் கீழே போனால் அவற்றுக்கு ஆகாது. கடையிலிருந்து புதிதாக ஒன்று வாங்கி வருகிறாய் என்றாலும் காகிதத்தால் தலைவரை சுற்றிக் கொண்டு வா. பத்து நிமிஷ நடை போதும் இலை கறுக்க.

சரி, தண்ணீர் எப்போது ஊற்றுவது? நாள் கணக்கு வைக்காதே. விரலை இரண்டாவது கணு வரை மண்ணில் விடு. ஈரம் தட்டினால் திரும்பிப் போய்விடு. இன்னும் நல்ல வழி தொட்டியைத் தூக்கிப் பார்ப்பது. தண்ணீர் ஊற்றியவுடன் ஒருமுறை தூக்கு, காய்ந்த பிறகு ஒருமுறை தூக்கு, கை அந்தக் கனத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளும். ஊற்றும்போது அரை டம்ளர், கால் டம்ளர் என்று மேலாகத் தெளிக்காதே. தொட்டியைச் சிங்கில் வைத்து, அடி ஓட்டை வழியாக வழிகிற வரை நன்றாக ஊற்று, வடியவிட்டு எடுத்து வை. குழாயில் பனிக்கட்டி மாதிரி வருகிற தண்ணீரை நேராக ஊற்றாதே, கொஞ்ச நேரம் அறையில் வைத்திருந்து ஊற்று. ஸ்னேக் பிளான்ட், ஸீஸீ பிளான்ட் இரண்டையும் மாதக்கணக்கில் மறந்துவிட்டாலும் கோபித்துக்கொள்ளாது. ஸீஸீக்கு மண்ணுக்கு அடியில் கிழங்கே இருக்கிறது, தண்ணீரைச் சேமித்து வைத்துக்கொள்ளும். தொட்டியைச் சுற்றிக் கொசு மாதிரி சின்னக் கறுப்பு ஈ பறந்தால், மேல்மண் காயவே இல்லை என்று அர்த்தம். மருந்து தேடாதே, முதலில் மண்ணைக் காயவிடு.

உரம் வேண்டாம். தொட்டி மாற்றுவதும் வேண்டாம். இரண்டையும் வசந்தத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

இலை நுனி காய்ந்து பழுப்பாகிறது என்று போன மாதம் சொன்னாய். அது காற்று. வெளியே 0 டிகிரியில் ஈரம் நிறைந்த காற்றே வந்தாலும், வீட்டுக்குள் 20 டிகிரிக்குச் சூடானதும் அதன் ஈரப்பதம் கால் பங்கு அளவுக்கு இறங்கிவிடும். தண்ணீர் எங்கேயும் போகவில்லை, சூடான காற்றின் கொள்ளளவு பெருத்துவிட்டது, அவ்வளவுதான். உன் உதடு வெடிப்பதும் அதனால்தான். ஸ்பிரே அடிப்பது மனத்திருப்திக்கு. ஐந்து நிமிஷத்தில் ஆவியாகிவிடும். செடிகளை நெருக்கி ஒன்றாக வைத்தால் கொஞ்சம் உதவும். காற்றில் ஈரம் சேர்க்கும் ஹியூமிடிஃபையர் வைத்தால் உனக்கும் நல்லது. வறண்ட காற்றுக்குச் சிலந்திப்பேன் என்ற பொடிப் பூச்சி வரும். கண்ணுக்கு எளிதில் தெரியாது. இலைக்கு அடியில் வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டிப் பார், மிளகாய்த்தூள் சிதறினாற்போல் விழுந்து நகர்ந்தால் அதுதான். ஷவருக்கு அடியில் காட்டி இலையின் அடிப்பக்கத்தை நன்றாகக் கழுவு. வாரம் ஒருமுறை, மூணு நாலு தடவை.

இனி வீட்டை வெளிச்சமாக்கும் விஷயத்துக்கு வருகிறேன், நீ கேட்டதே அதுதானே. மூலைக்கொரு தொட்டியாகப் பரப்பாதே. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்து, மேலே ஒரு அடி உயரத்தில் வெள்ளை எல்இடி விளக்கு ஒன்றைத் தொங்கவிடு. ஊதா நிறத்தில் எரியுமே, அது வேண்டாம், செடிக்கு வேலை செய்யும், வீடு மருந்து ஆராய்ச்சிக்கூடம் மாதிரி ஆகிவிடும். டைமரில் 12 மணி நேரம் எரியவிடு. இரவில் இருட்டு வேண்டும், செடிக்கும் தூக்கம் உண்டு. காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை வைத்தால், நீ கதவைத் திறக்கும்போது சுவிட்சைத் தேடாமலே அந்த மூலை பச்சையாக எரிந்துகொண்டிருக்கும். அந்த மூன்று மாதத்தில் உன் முகத்தைப் பார்த்தவள் சொல்கிறேன், காலில் ஷூவோடு இருட்டில் ஒரு நிமிஷம் அப்படியே நிற்பாய். அதற்காகவாவது இந்த விளக்கை வாங்கு.

பூ வேண்டுமென்றால் ஒரு ஃபலனாப்சிஸ் ஆர்க்கிட் வாங்கு. கண்ணாடி போன்ற தொட்டியில் வருவதைப் பார்த்து வாங்கு. வேர் காய்ந்திருந்தால் வெள்ளி நிறம், ஈரமாக இருந்தால் பச்சை. வெள்ளியானால் தண்ணீர் ஊற்று, பச்சையாக இருந்தால் சும்மா இரு. என்னைப் போன்றவர்களுக்கென்றே படைத்த செடி. ஒரு பூ இரண்டு மூன்று மாதம் உதிராமல் நிற்கும். வெங்காயம் மாதிரி இருக்கும் அமரில்லிஸ் குமிழ் இன்னும் வேடிக்கை. மூன்றில் ஒரு பங்கு வெளியே தெரிகிற மாதிரி சின்னத் தொட்டியில் நட்டால், ஆறிலிருந்து எட்டு வாரத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பூக்கும். தண்டு நாளுக்கு நாள் உயர்வது கண்ணுக்கே தெரியும். வெளிச்சத்தைப் பார்த்துச் சாயும், அதனால் தொட்டியை அவ்வப்போது திருப்பி வை. சிவப்பு பாயின்செட்டியா எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. சிவப்பாகத் தெரிவது பூ இல்லை, இலை. கதவு திறந்து குளிர்காற்று அடித்தாலே உதிர்த்துவிட்டு நிற்கும்.

உன் தோழியின் பூனை உன் வீட்டிலேயே பாதி நாள் கிடக்கிறதே, அதை மறக்காதே. மணி பிளான்ட்டும் பீஸ் லில்லியும் கடித்தால் வாய் எரியும், அமரில்லிஸ் குமிழும் பூனைக்கு விஷம். நிஜ லில்லிப் பூங்கொத்து யாராவது கொடுத்தால் வீட்டுக்குள்ளேயே எடுக்காதே, அதன் மகரந்தம் பட்டதை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் போய்விடும். ஆர்க்கிட்டும் ஸ்பைடர் பிளான்ட்டும் பூனைக்குப் பயமில்லை.

அப்புறம், அப்பா சொல்லச் சொன்னார், செடி வைத்தால் அறைக் காற்று சுத்தமாகுமாம். அது 1989-இல் நாசா செய்த ஆய்விலிருந்து கிளம்பிய பேச்சு. மூடிய சின்னப் பெட்டிக்குள் செடியை வைத்துப் பார்த்தது அது. 2019-இல் அந்த மாதிரி ஆய்வுகளையெல்லாம் சேர்த்து அலசியவர்கள், சாதாரண வீட்டில் அந்தப் பலன் கிடைக்க ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் குறைந்தது பத்துச் செடியாவது வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். நீ படுக்க இடம் இருக்காது. ஜன்னலைத் திற என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். ஒத்துக்கொள்ளவில்லை.

இப்போது இந்த மணி பிளான்ட்டுக்கு வருவோம். இன்றைக்கே தட்டில் இருக்கும் தண்ணீரைக் கொட்டு. தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பார். வெளுப்பாக, உறுதியாக இருந்தால் ஜன்னல் பக்கம் மாற்றிவிட்டுக் காயும்வரை கை வைக்காதே. மஞ்சளான கீழ் இலை இரண்டு மூன்று உதிரும், உதிரட்டும். வேர் கூழாக இருந்தால் நுனிக் கொடியில் நல்ல பச்சையாக இருக்கும் பகுதியை, தண்டில் பழுப்பாக முட்டிக்கொண்டிருக்கும் கணுவுக்கு ஒரு விரல் கீழே வெட்டி, அந்தக் கணு மூழ்குகிற மாதிரி பாட்டிலில் போடு. வேர் அந்தக் கணுவிலிருந்துதான் வரும். குளிர்காலத்தில் ஒரு மாதம்கூட ஆகலாம், தினமும் எடுத்து எடுத்துப் பார்க்காதே. வாரத்துக்கொரு முறை தண்ணீர் மாற்றினால் போதும்.

பார்த்துவிட்டு வேரைப் படம் எடுத்து அனுப்பு. பகல் வெளிச்சத்தில் எடு, நேற்று மாதிரி ராத்திரி மஞ்சள் விளக்கில் எடுத்தால் எனக்கு எல்லாமே மஞ்சளாகத்தான் தெரிகிறது.

அன்புடன்,
அம்மா