இருவர் சேர்ந்து வெல்லும் சீட்டாட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சீட்டு என்றாலே பணம் வைத்து ஆடுவதாக மட்டும் பேசப்படும் சூழலில், ஜெர்மனியில் 2020ஆம் ஆண்டின் ‘கென்னர்ஷ்பீல்’ (தேர்ந்த ஆட்டக்காரர்களுக்கான சிறந்த ஆட்டம்) விருது பெற்ற ‘தி க்ரூ’ என்ற சீட்டாட்டத்தைத் தங்கள் நாளிதழ் அறிமுகப்படுத்த வேண்டும். 40 சீட்டுகளில் 14 சீட்டுகளைக் கற்பனையான மூன்றாமவருக்கு ஒதுக்கி, 7 சீட்டுகளைக் கவிழ்த்தும் அவற்றின் மேல் 7 சீட்டுகளை நிமிர்த்தியும் வைத்துவிட்டால், இருவர் மட்டும் இருந்தாலும் இதை ஆட முடியும். எதிரணி கிடையாது; குறித்த சீட்டு இறங்கும் சுற்றை, அச்சீட்டு யாருக்கென ஒதுக்கப்பட்டதோ அவரே வென்று அதைப் பிடிக்க வேண்டும், தவறினால் இருவருக்கும் தோல்வி. கைச்சீட்டைப் பற்றிப் பேசக் கூடாது என்பதும், ஒரே ஒரு சீட்டை மட்டும் காட்டி, அது தம்மிடம் அந்நிறத்தில் பெரியதா, சிறியதா, தனித்ததா என்று உணர்த்தலாம் என்பதுமே இதன் உயிர். துருப்புச் சீட்டு வைத்து ஆடும் ஆட்டங்களை அறிந்த வாசகர்களுக்கு, குறிப்பாக ‘304’ என்ற சீட்டாட்டத்தை ஆடியவர்களுக்கு, விதிகள் எளிதில் விளங்கும். சிறுவர் பக்கத்தில் விரிவாக எழுதுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்