நம்மைப் பற்றிய நகைச்சுவைக்கு நம் மண்டபத்தில் இடம் எங்கே?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஆங்கிலத்தில் ஸ்டாண்ட்-அப், அதாவது மேடையில் தனியாக நின்று பேசும் நகைச்சுவை, செய்யும் நம் மலேசியத் தமிழ்ப் பிள்ளைகள் நாலு கைத்தட்டலுக்காகச் சொந்த இனத்தையே மேடையில் விற்கிறார்கள் என்று சென்ற ஞாயிறு இதழில் ஒரு வாசகர் வருந்தி எழுதியிருந்தார். அந்த வருத்தத்தில் பாதி எனக்கும் உண்டு. மீதிப் பாதிக்குத்தான் இந்தக் கடிதம்.

குடிகார மாமா, கறுப்புத் தோல், அடித்தொண்டையில் ஒரு ‘டேய்’. இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் ஓட்டுகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். எனக்கும் எரிச்சல்தான். ஆனால் இது அவர்கள் கண்டுபிடித்த சரக்கு இல்லை. தொலைக்காட்சியில் நம்மை இப்படிக் காட்டியே பழக்கிவிட்டார்கள். 2017 நோன்புப் பெருநாள் சமயத்தில் ஒரு அழகுப்பொருள் கடை நிறுவனம் எடுத்த விளம்பரம் நினைவிருக்கும். முகத்தில் கறுப்பு பூசிய பெண்ணை அழகில்லாதவள் என்று காட்டி, முகத்தைக் கழுவியதும் அழகியாக்கினார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் மன்னிப்புக் கேட்டார்கள். அங்கே மைக் அடுத்தவர் கையில் இருந்தது. இப்போது நம் பிள்ளை கையில் இருக்கிறது. இந்த வித்தியாசத்தை அன்பர் கணக்கில் எடுக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. இந்த நாட்டில் அடுத்த இனத்தைப் பற்றியோ மதத்தைப் பற்றியோ மேடையில் ஒரு வார்த்தை தவறினால் மறுநாள் போலீஸ் புகார். 2022-இல் கோலாலம்பூர் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் இருந்த நகைச்சுவை கிளப்புக்கு என்ன ஆனது என்று பார்த்தோமே. யார் வேண்டுமானாலும் மேடையேறலாம் என்னும் ஓப்பன் மைக்கில் ஏறிய ஒரு பெண் செய்த காரியத்தின் காணொளி பரவியது. மாநகர் மன்றம் உரிமத்தையே பறித்தது. அதன் பிறகு யாருக்குத் துணிச்சல் வரும்? இந்தக் கலைஞர்களில் பலருக்குச் சோறு போடுவது நிறுவனங்களின் ஆண்டு விருந்து. அங்கே மேடையேறும் முன்பே ‘அரசியல் வேண்டாம், மதம் வேண்டாம்’ என்று சொல்லிவிடுவார்கள். கடைசியில் பயமில்லாமல் கிண்டல் செய்ய மிஞ்சுவது சொந்த இனமும் சொந்த உடம்பும்தான். அதனால்தான் அந்தப் பக்கமே ஓடுகிறார்கள்.

சரி, ஏன் ஆங்கிலம்? 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியர்கள் 6.7 விழுக்காடு. அதிலும் டிக்கெட் வாங்கி ஸ்டாண்ட்-அப் பார்க்க வருகிறவர்கள் எத்தனை பேர்? வயிற்றுப்பாட்டுக்கு எல்லா இனமும் உட்காரும் அரங்கம் வேண்டியிருக்கிறது. அந்த அரங்கத்தில் நம்மவர்கள் நேற்று வந்தவர்களும் இல்லை. 1989-இல் இன்ஸ்டன்ட் கஃபே தியேட்டர் என்ற நாடகக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர் ஜோ குக்கதாஸ். அரசியல்வாதி வேடத்தில் அவர் பேசியதைக் கேட்டு எல்லா இனத்தவரும் சிரித்தார்கள். ஸ்டாண்ட்-அப் கலைஞர் கவின் ஜெய் 2018-இல் நெட்ஃபிளிக்ஸ் வரை போனார். பெருமைதான், மறுக்கவில்லை.

இனி நான் பார்த்த ஒரு காட்சிக்கு வருகிறேன். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கடைவீட்டின் மேல்மாடி, பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிடம். நேரம் முடியப்போகிறது என்றால் பின்னாலிருந்து கைப்பேசி விளக்கை ஆட்டுவார்கள். வாடகை அறை தேடிய கதையைச் சொன்னான் ஒரு தமிழ்ப் பையன். கால் சென்டரில் வேலை. அதனால் போனில் அவன் குரலை வைத்து இனம் கண்டுபிடிக்க முடியாது. வீட்டுக்காரருக்கு ஏக மகிழ்ச்சி. வைஃபை இலவசம், இன்றைக்கே வா என்கிறார். பெயர் கேட்கிறார். சொல்கிறான். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம், “ஐயோ, இப்பத்தான் ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்துட்டார்.” பையன் கேட்டானாம்: “எப்போ பாஸ், நான் என் பேரோட ரெண்டாவது எழுத்தைச் சொல்லும்போதா?”

அரங்கம் அதிர்ந்தது. சீனர்கள், மலாய்க்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு சீனப் பெண் சிரித்துவிட்டுச் சட்டென்று கணவரைத் திரும்பிப் பார்த்தார். அவர்களும் வீடு வாடகைக்கு விடுகிறவர்களோ என்னவோ!

அதோடு விட்டிருந்தால் நல்ல பஞ்ச். பையன் விடவில்லை. அடுத்து நம்மவர் வீடு ஒன்றுக்குப் போன் போடுகிறான். ஓர் ஆன்ட்டி எடுக்கிறார். பெயரைக் கேட்டதும், “தமிழா? ரொம்பச் சந்தோஷம்பா. அப்பா பேரு என்ன? தாத்தா எந்தத் தோட்டம்? ஊர்ல எந்தப் பக்கம்? குலதெய்வம் எது?” இந்தக் கேள்விகள் எங்கே போய் முடியும் என்று நமக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாதே! குலதெய்வம் என்றால் என்ன, அதைக் கேட்டால் எப்படிச் சாதி தெரியும் என்று அவன் ஆங்கிலத்தில் விளக்க ஆரம்பித்தான். விளக்கு ஆடியது. யாரும் சிரிக்கவில்லை. அங்கங்கே உட்கார்ந்திருந்த நாங்கள் நாலைந்து தமிழர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

என்னைக் கேட்டால் அன்று இரவு சொன்ன நகைச்சுவையிலேயே உயர்ந்தது அதுதான். முதல் வீட்டுக்காரரைக் கிண்டல் செய்ய எந்த மேடையும் போதும். ஆன்ட்டியைக் கிண்டல் செய்ய ஆன்ட்டிகள் உட்கார்ந்திருக்கும் மேடை வேண்டும். அதே ஐந்து நிமிடத்தை, விளக்கம் எதுவும் இல்லாமல், நாம் வீட்டில் பேசும் தமிழில் நம் கூட்டத்தின் முன்னால் சொல்லியிருந்தால் முதலில் சிரித்திருப்போம். வீட்டுக்குப் போகும் வழியில் காரில் யாராவது ஒருவர் வாயைத் திறந்திருப்பார். அடுத்தவர் முன்னால் சொல்லும்போது மானம் போவதாகத் தோன்றுவது நமக்குள் பேசும்போது வெறும் பேச்சுதானே. அந்தப் பையனுக்கு நாம் கொடுக்காத மேடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல், கிடைத்த மேடையில் அவன் பேசியதை மட்டும் குறை சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

நம் மேடைகளின் நிலைமை என்ன? சென்னையிலிருந்து கலைஞர் வந்தால் அரங்கம் நிறைகிறது. நானும் போயிருக்கிறேன், வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன். ஆனால் அது ஷேர் ஆட்டோ, என்ஜினியரிங் காலேஜ், அப்பார்ட்மென்ட் அசோசியேஷன். தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் நம்முடைய மாமாக் கடையும், ரப்பர் தோட்டத்திலிருந்து வந்து ஃபிளாட்டில் குடியேறிய பாட்டியும், வெளிநாட்டு விமான நிலையத்தில் கடப்பிதழில் ‘இன்னார் மகன்’ என்பதற்காகப் போட்டிருக்கும் a/l-ஐப் பெயர் என்று நினைத்து “மிஸ்டர் ஏஎல்” என்று கூப்பிடும் அதிகாரியும் அவர்களுக்கு எப்படித் தெரியும்? நம் உள்ளூர் விழாக்களிலோ, நகைச்சுவை என்றால் இன்னும் சினிமா நடிகர்களின் குரலைப் பேசிக் காட்டுவதுதான்.

ஜாலான் சுல்தான் சுலைமானில் டான்ஸ்ரீ சோமா அரங்கம் இருக்கிறது. புத்தக வெளியீடு, பொன்னாடை, மாலை, உரை, நன்றியுரை என்று அது பார்க்காத நிகழ்ச்சி இல்லை. மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு அங்கேயோ, பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சிறிய கூடத்திலோ தமிழ் ஓப்பன் மைக் நடத்த எந்த இயக்கமாவது முன்வரலாம். பெரிய செலவில்லை: ஒரு மைக், ஐம்பது நாற்காலி, கடையில் சொல்லிவைத்த தே தாரேக் (ஆற்றிய பால் தேநீர்). சிறப்பு விருந்தினர் உரை மட்டும் வேண்டாம், தயவுசெய்து.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். சினிமாப் பக்கத்துக்கு வாரம் முழுக்க இடம் இருக்கிறது. அதில் கால் பக்கத்தை உள்ளூர் நகைச்சுவை நிகழ்ச்சிகளின் விமர்சனத்துக்கு ஒதுக்குங்கள். மோசமாக இருந்தால் மோசம் என்றே எழுதுங்கள். சென்ற வாரம் கடிதம் எழுதிய அன்பரையே முதல் விமர்சனத்துக்கு அனுப்பினாலும் எனக்குச் சம்மதம். டிக்கெட்டை நான் எடுத்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செந்தூல், கோலாலம்பூர்